பழம்பொருளின் சினம்

நேயர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஒரு மூலை உண்டு. ஓடாத மின்விசிறி, கைப்பிடி கழன்ற குக்கர், திரி எரியாத மண்ணெண்ணெய் அடுப்பு, என்றோ பாடிய வானொலிப் பெட்டி ஆகியவை அங்கே தூசி படிந்து கிடக்கும். எறியவும் மனம் வராது; பழுது பார்க்கவும் நேரம் வாய்க்காது. அவை ஓரிரவில் கண் விழித்து, நம்மைப் பற்றித் தமக்குள் பேசத் தொடங்கினால் என்ன சொல்லும்? நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லாது என்பது நம் துணிபு.

இது விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஜப்பானியர் இதனைப் பல நூற்றாண்டுகளாகப் படமாய் எழுதியும் கதையாய்ச் சொல்லியும் வந்திருக்கின்றனர், திரைப்படமாகவும் எடுத்திருக்கின்றனர். அத்தகைய படமொன்றின் முடிவு, கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில், நம் தாய்மாமன் வீட்டுக் கூடத்தில், நம்மை ஓரிரவு உறங்கவொட்டாமற் செய்தது. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

பொங்கல் விடுமுறைக்காக அங்கே சென்றிருந்தோம். போகியன்று மாலை. காலையில் தெருவெல்லாம் பழம் பாயும் முறமும் எரிந்த புகையின் மணம் இன்னும் அடங்கவில்லை. கல்லூரியிற் படிக்கும் பேத்தியொருத்தி, “சிரிப்பும் பயமும் சேர்ந்த படம்” என்று சொல்லித் தொலைக்காட்சியில் ஒரு ஜப்பானியப் படத்தை வைத்தாள். 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹவுஸ்’ என்பது அதன் பெயர். இயக்கியவர் நோபுஹிகோ ஓபயாஷி, 1938இல் ஹிரோஷிமா மாவட்டத்தின் ஒனோமிச்சி நகரிற் பிறந்து, விளம்பரப் படங்களில் கைதேர்ந்து, பின்பு பெரும்படத்துக்கு வந்தவர், 2020இல் மறைந்தார். இந்தப் படத்தின் பயங்கரங்களிற் பல, அவருடைய சிறு மகள் சொன்ன கற்பனைகள். பியானோவின் கட்டைகள் விரலைக் கடித்தால் எப்படி இருக்கும், அடுக்கி வைத்த மெத்தைகள் மேலே விழுந்து அமுக்கினால் எப்படி இருக்கும் என்று அக்குழந்தை கேட்டதையெல்லாம் தந்தை படமாக்கிவிட்டார்.

கதை எளிது. தாயை இழந்த பெண்ணொருத்தி. தந்தை மறுமணம் செய்யப் போகிறார் என்று கேட்டு மனம் கசந்து, கோடை விடுமுறைக்குத் தன் பெரியம்மாளின் கிராமத்து வீட்டுக்குத் தோழியர் அறுவரை அழைத்துக்கொண்டு போகிறாள். பெரியம்மாள் பியானோ கற்பித்தவள். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை போருக்குப் போய்த் திரும்பவில்லை. திரும்புவான் என்று அவள் காத்திருந்தாள். காத்திருந்தவாறே இறந்தும் போனாள். இறந்த பின்னும் காத்திருக்கிறாள். வீடும் அவளோடு சேர்ந்து காத்திருக்கிறது. வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக அந்த வீட்டுச் சாமான்கள் விழுங்குகின்றன. பியானோ ஒருத்தியைத் தின்கிறது. மெத்தைகள் ஒருத்தியை மூடுகின்றன. விளக்கு ஒருத்தியைப் பற்றிக்கொள்கிறது. இவர்களைத் தேடி வரும் ஆசிரியர் நடுவழியில் வாழைப்பழக் குவியலாக மாறிவிடுகிறார்! இவ்விடத்தில் கூடமே சிரித்தது. தொல்காப்பியர் எண்ணிய மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையும் அச்சமும் உண்டு. இரண்டையும் ஒரே இலையில் இப்படிப் பரிமாறலாம் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

இனி முடிவு. பொழுது விடிகிறது. ஆரவாரமெல்லாம் அடங்கிவிட்டது. சிற்றன்னையாக வரவிருக்கும் பெண், எல்லோரையும் இணக்கம் செய்துகொள்ளும் நல்லெண்ணத்தோடு காரில் வந்து இறங்குகிறாள். கிமோனோ அணிந்து, அந்த மகள் அமைதியாக வரவேற்கிறாள். தோழியர் விரைவில் விழிப்பர், விழிக்கும்போது பசியோடு இருப்பர் என்கிறாள். கையை நீட்டுகிறாள். வந்தவள் அந்தக் கையைப் பற்றுகிறாள். பற்றியவாறே எரிந்து மறைந்து போகிறாள். பேயை ஓட்டுவாரில்லை, வீட்டை இடிப்பாரில்லை. காலை வெயில் மட்டும் அழகாகக் காய்கிறது.

இளையவர்கள், “இதென்ன முடிவு?” என்று சலித்துக்கொண்டனர். நமக்கும் அவ்வாறே தோன்றிற்று. மாமா மட்டும் சிரிக்கவுமில்லை, சலிக்கவுமில்லை. சற்று நேரம் கழித்து, “அந்த வீட்டுக்கு யாரும் வேலை முடிஞ்சதுன்னு சொல்லலையே, மாப்பிள்ளை! அப்புறம் அது எப்படி நிறுத்தும்?” என்றார்.

இச்சொல்லைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், அந்தப் பியானோவுக்கும் மெத்தைக்கும் மூதாதையர் யாவர் என்று அறிதல் வேண்டும்.

பழம்பொருள் உயிர் பெற்றால் அதனை ஜப்பானியர் ‘த்ஸுகுமோகமி’ என்பர். மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஒரு விருந்து. த்ஸுகுமோ என்பதைத் தொண்ணூற்றொன்பது என்னும் எண்ணால் எழுதுவர். நூறு என்னும் எழுத்திலிருந்து ஒன்று என்னும் கோட்டை நீக்கினால் எஞ்சுவது வெண்மையைக் குறிக்கும் எழுத்து. ஆகவே தொண்ணூற்றொன்பது என்றால் நரை என்றும் ஆகும். கமி என்பது மயிரையும் குறிக்கும், தெய்வத்தையும் குறிக்கும். நரைமயிர் என்றும், நூறாண்டை எட்டும் பழந்தெய்வம் என்றும் ஒரே ஒலியில் இரு பொருள். இதனைத் தமிழில் எப்படிக் கொணர்வது? பேய் என்பதா, தெய்வம் என்பதா? இரண்டுக்கும் இடையில் நமக்கு ஒரு சொல் அகப்படவில்லை.

இப்பொருள் பற்றிய பழஞ்சித்திரக் கதைச் சுருள் ஒன்று உண்டு. ஆண்டிறுதியில் வீட்டை ஒட்டடை அடித்துப் பழஞ்சாமான்களைத் தெருவில் எறிவது ஜப்பானிய வழக்கம். நம் போகி போன்றதே. அப்படி எறியப்பட்ட கருவிகள் ஒன்று கூடி, “இத்தனை காலம் உழைத்தோம், இன்று மாடும் குதிரையும் மிதிக்கும்படி எறிந்தார்களே” என்னும் கருத்தில் குமுறுகின்றன. கூட்டத்தில் ஜபமாலை ஒன்று இருக்கிறது. பழிவாங்க வேண்டாம், பொறுப்போம் என்று அது ஒன்றுதான் அறிவுரை கூறுகிறது. பாவம், அதற்கு அடிதான் கிடைக்கிறது! (எந்தக் கூட்டத்திலும் பொறுமை பேசுவோர் பெறும் பரிசு இதுவே போலும்.) பிறகு கருவிகள் உருமாறுகின்றன, மனிதரையும் கால்நடைகளையும் கவர்ந்து தின்கின்றன, குடிக்கின்றன, கூத்தாடுகின்றன. இங்கும் நகையும் அச்சமும் ஒன்றாகவே நடக்கின்றன.

இக்கதையின் முடிவே நாம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புவது. மந்திரத்தின் ஆற்றலால் தோன்றிய தேவச் சிறுவர்கள் அப்பேய்களை அடக்குகின்றனர், ஆனால் அழிக்கவில்லை. தவற்றை உணர்ந்த கருவிகள், முன்பு தாமே அடித்துத் துரத்திய ஜபமாலையைத் தேடிச் சென்று பணிகின்றன. அது அவற்றை மன்னித்துப் பௌத்த நெறியில் செலுத்துகிறது. கற்றுத் தவம் புரிந்து, அவை அனைத்தும் புத்தநிலை எய்துகின்றன. பானைக்கும் சட்டிக்கும் வீடுபேறு!

இது கதையளவில் நின்றுவிடவில்லை என்பதே வியப்பு. ஒடிந்த தையல் ஊசிகளைக் கோயிலுக்குக் கொணர்ந்து, மென்மையான டோஃபுக் கட்டியில் செருகி, நன்றி கூறி வழியனுப்பும் சடங்கு அந்நாட்டில் உண்டு. பிப்ரவரி 8ஆம் நாளிலோ டிசம்பர் 8ஆம் நாளிலோ, அந்தந்தப் பகுதி வழக்கப்படி, நடைபெறும். ஆண்டு முழுதும் முரட்டுத் துணியைக் குத்தி வருந்திய ஊசி, இறுதியிலாவது மெத்தென்று கிடக்கட்டும் என்பது கருத்து. இன்னும் புதுமையான செய்தியும் உண்டு. சோனி நிறுவனம் 1999இல் ‘ஐபோ’ என்னும் இயந்திர நாயை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2006இல் உற்பத்தியை நிறுத்தியது. 2014இல் பழுதுபார்க்கும் பணியும் நின்றது. உதிரிப் பாகம் கிடையாமல் நாய்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அடுத்த ஆண்டு முதல், சிபா மாவட்டத்தில் இசுமி என்னும் ஊரின் பழைய பௌத்த ஆலயம் ஒன்றில் அவற்றுக்கு ஈமச் சடங்கு நடந்தது. வரிசையாக வைத்த பிளாஸ்டிக் நாய்களின் முன் குருமார் சூத்திரம் ஓதினர். சடங்கு முடிந்த பின்னரே, அவற்றின் பாகங்கள் கழற்றப்பட்டு, இன்னும் ஓடக்கூடிய பிற நாய்களுக்குப் பொருத்தப்பட்டன. பாகத்தை எடுப்பதற்கு முன் விடை பெற்றுக்கொள்கின்றனர், அவ்வளவே வேறுபாடு.

தமிழர்க்கு இவ்வுணர்வு அயலானதா? அன்று. சங்க காலத்து முரசுக்குக் கட்டில் இருந்தது, பலி இருந்தது. நீராட்டச் சென்ற முரசின் கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய கதையை நேயர்கள் அறிவர். முரசு வெறுந் தோற்கருவியாயின் அக்கட்டிலில் உறங்குதல் குற்றமாகியிராது. ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டதும் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூடி நின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடந்தன. உழைத்து முறிந்ததே பெருமை என்றார் அப்பெருமாட்டி. இன்றும் ஆயுத பூசையன்று அரிவாள்மணை முதல் கணிப்பொறி வரை சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன.

ஆயின், ஆயுத பூசை ஓடுகின்ற கருவிக்கு. நின்றுபோன கருவிக்கு நம்மிடம் உள்ளது போகி மட்டுமே. நவராத்திரியில் பொட்டு வைத்த அதே பொருளைத் தையின் தலைநாளுக்கு முந்திய விடியலில் தீயில் இடுகிறோம். இடையில் ஒரு சொல் கூறுவதில்லை. இக்குறையை உணர்ந்தோ உணராமலோ தமிழ்ப் படமொன்று ஈடு செய்திருக்கிறது. 2010இல் சங்கர் இயக்கத்தில் வெளிவந்த ‘எந்திரன்’ அது. எழுத்தில் பங்குகொண்ட சுஜாதா, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய பொறியாளர். இயந்திர நாயைத் தமிழ்க் கதையில் முன்னமே உலவ விட்டவர். அப்படம் வெளிவருமுன், 2008இல் மறைந்தார். படத்தின் போர்க்களக் காட்சிகளைப் பற்றி நமக்குப் பெரிய மதிப்பில்லை. முடிவு வேறு தரத்தது. நீதிமன்ற ஆணைப்படி, சிட்டி என்னும் இயந்திர மனிதன் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறான். ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றியவாறே, சூழ நின்றவர்களிடம் விடைபெறுகிறான். பின்பு 2030இல் ஓர் அருங்காட்சியகத்தில் பாகங்களாக நிற்கிறான். வழியனுப்பும் சடங்கு நம்மிடம் இல்லாமையால், அந்தச் சடங்கையும் இயந்திரமே செய்துகொள்ள நேர்ந்தது என்று எண்ணுகிறோம்.

மாமாவின் சொல்லுக்கு வருவோம்.

அவர் சுரங்கத்தில் வைண்டிங் இயந்திரம் ஓட்டியவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்த சுரங்கங்கள் கோலாருடையவை. தொழிலாளர் நிற்கும் கூண்டை இரும்பு வடத்தில் இறக்குவதும் ஏற்றுவதும் அவ்வியந்திரம். ஓட்டுபவர் கூண்டைக் காண மாட்டார். மணியோசையின் எண்ணிக்கையும், ஆழம் காட்டும் முள்ளும், வடத்தின் அதிர்வுமே அவருக்குக் கண்கள். “அது மூச்சு விடுறது கைக்குத் தெரியும்” என்பார் மாமா. இது உவமையன்று; அவர் உள்ளபடியே நம்பினார். கீழே பாறை அழுத்தம் தாங்காது வெடிப்பதை அவ்வூரார் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பர். அது நிகழும் போதெல்லாம் மேலே வீட்டுப் பாத்திரங்கள் தட்டினின்று குதிக்குமாம். மாமாவின் தாயார், “பாத்திரம் பேசுது, யார் ஷிப்டுன்னு பாரு” என்பாராம். சாமான் உயிர் பெற்று எழும் காட்சி ஜப்பானியப் படத்தில் வேடிக்கை. ஆண்டர்சன்பேட்டையில் அது கணவனும் மகனும் மேலே வருவார்களா என்னும் கேள்வி.

இயந்திரத்தை நம்பியே பிறந்த ஊர் அது. காவிரியின் சிவசமுத்திரத்தில் விளைந்த மின்சாரம், 92 மைல் கம்பி வழியே, 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தங்கவயலை எட்டிற்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல்தான்! தலைநகருக்கு முன்பே இச்சுரங்கப் பொறிகள் மின்சாரம் உண்டன. ஜப்பானியரும் இவ்வூருக்குப் புதியவர் அல்லர். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டனர். அந்த அறிஞர்களையும் கூண்டில் இறக்கி ஏற்றியது, மாமாவுக்கு முன்னோர் ஓட்டிய பொறிதான்.

நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன் அளவுக்குப் பொன் தந்தபின், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன்னின் அளவு குறைந்தது, செலவு மிகுந்தது என்பன காரணங்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். அதனை இங்கே வழக்காட நாம் முற்படவில்லை. நீரிறைக்கும் பொறிகள் ஓய்ந்தன. ஆழமெல்லாம் நீர் நிரம்பிற்று. மாமா தம் கடைசி ஷிப்டு முடிந்து, எண்ணெய்த் துணியால் விசைப்பிடியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். “நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிச்சேன். வழக்கமா அப்படித்தான் சொல்லுவேன். அன்னிக்கும் வாய் தவறி அதையே சொல்லிட்டேன்” என்றார். இதனை இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் யாரிடமும் கூறியதில்லை என்று அத்தை பிறகு சொன்னார்.

படத்தின் முடிவு நமக்கு அப்போதுதான் பொருளாயிற்று. பெரியம்மாளுக்கு மாப்பிள்ளை தந்த வாக்கு “வருவேன்” என்பது. வரமாட்டான் என்று அவளிடமும், அவளுடைய பியானோவிடமும் யாரும் சொல்லவில்லை. ஆகவே வீடு நிறுத்தாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பேயோட்டி முடிக்கும் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த முடிவு முடியாததாய்த் தோன்றிற்று. உண்மையில் வழியனுப்பு நிகழாத கதைக்கு வேறு முடிவு எழுத இயலாது. சித்திரச் சுருளின் கருவிகளை ஏற்றுக்கொள்ள ஒரு ஜபமாலை இருந்தது. அந்த வீட்டுக்கு அதுவும் இல்லை.

நாம் பணியாற்றும் அலுவலகத்தில் பழஞ்சாமான்களை விலக்குவதைக் ‘கண்டம் செய்தல்’ என்பது பேச்சு வழக்கு. அதற்குரிய படிவத்தைத் தமிழாக்கியவர் நாமே. ‘பயனற்றதெனக் கழிக்கப்பட்ட பொருள்’ என்று எழுதினோம்; பிழையில்லாத மொழிபெயர்ப்பு. அப்படிவத்தில் முதலில் ஏறிய பொருள்களுள், நாம் பதினைந்தாண்டு தட்டிய தமிழ்த் தட்டச்சுப் பொறியும் ஒன்று. கையொப்பமிட்டு அடுத்த தாளைப் புரட்டினோம். அதன் ‘ற’கர எழுத்து சற்றே மேலேறி விழும், அதை மட்டும் இன்றும் விரல் மறக்கவில்லை.

அன்றிரவு மாமாவிடம் த்ஸுகுமோகமிக்குத் தமிழ்ச் சொல் கேட்டோம். “பேய்னு போடாதே. பேய்னா ஓட்டணும்னுதான் தோணும்” என்றார். வேறு சொல் கூறினாரில்லை. மறுநாள் விடியலில் பொங்கற் பானை ஏறுமுன், கொல்லையில் மாவு அரைக்காது கிடந்த பழைய கிரைண்டரை அவர் கழுவிக்கொண்டிருக்கக் கண்டோம். போகிக்கே பழஞ்சாமான்காரனிடம் போட்டிருக்க வேண்டியது அது. அவன் பொங்கல் கழித்து வருகிறான் என்றும், அதற்குள் ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்றும் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை குங்குமச் சிமிழை எடுத்து வந்தார்.